திக்கு விரதமும் கடல் கடந்த தொண்டும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் விரதங்களுள் ஒன்றைப் பற்றி, ஓசூரில் வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றில் அண்மையில் எழுந்த வினாவை அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அவ்வினா அக்குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளைப் படிக்க வைத்து, அவர்கள் தொலைநாடு செல்வதைப் பார்த்து நிற்கும் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு நாள் வரக்கூடியதே.

அக்குடும்பத்தின் தலைவர் வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றினின்று இளமையில் பிழைப்பு நாடி ஓசூர் வந்தவர். தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாள் வழிபாடும், சூரியன் மறையுமுன் உணவை முடிப்பதும் ஒரு நாளும் தவறாதவர். இரவு ஷிப்டில் பணி செய்த காலத்திலும் அந்த ஒழுக்கத்தைக் காத்தவர் என்பதை நாம் நேரில் அறிவோம். அவருடைய மகள் இயன்முறை மருத்துவம் பயின்றவர். போரிலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தோருக்குச் செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பயிற்றும் நிலையம் ஒன்றில் பணிபுரிய, கிழக்காப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. காலம் இரண்டு ஆண்டுகள். ஊதியம் ஓசூரில் பெறுவதைவிடக் குறைவு.

தந்தையார் கலங்கிய மனத்தோடு நம்மிடம் வந்தார். "ஐயா, திக்கு விரதம் என்று நம் பெரியோர் ஒன்றை வகுத்திருக்கின்றார்களே! இந்த மலைக்கு அப்பால், இந்த ஆற்றுக்கு அப்பால் செல்லேன் என்று எல்லை கட்டுவதல்லவா இல்லறத்தான் தருமம்? என் மகள் கடலையே கடக்கின்றேன் என்கின்றாள். அங்கே அவள் எதை உண்பாள், எப்படி நம் ஒழுக்கத்தைக் காப்பாள்? எங்களுக்கும் மூப்பு வந்துவிட்டது. எங்களை யார் பார்ப்பார்?" என்றார்.

மகள் கேட்டது ஒன்றே: "தொண்டுக்கும் எல்லை உண்டா ஐயா?"

விரதம், ஒழுக்கம், குடும்பம் ஆகிய மூன்றும் இவ்வுரையாடலில் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

எல்லைப்புறத்து வாழ்க்கை

ஓசூர் எல்லையில் வாழும் ஊர். சூசூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கருநாடகம் தொடங்கிவிடுகின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு, மானாவாரி நிலமாகக் கிடந்த இப்பகுதி பல மாவட்டத்தாரும், பின்னர்ப் பல மாநிலத்தாரும் வந்து குடியேறும் ஊராயிற்று. இங்கு விளையும் ரோசா மலர்கள் விமானம் ஏறிப் பிற நாடுகளுக்குச் செல்கின்றன. கிருஷ்ணகிரியின் மாங்கனிகள் கூழாக்கப்பட்டுக் கப்பலில் போகின்றன. எல்லை கடத்தல் இங்கு அன்றாடச் செய்தி.

நம் சமய வரலாறும் எல்லை கடந்த வரலாறே. வடநாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வரப்போவதை உணர்ந்த பத்திரபாகு முனிவர் சங்கத்தோடு தென்றிசை போந்து சிரவணபெளகொளாவில் தங்கினார் என்பதும், அவர்தம் மாணாக்கர் விசாகாசாரியர் தமிழகம் நோக்கி வந்தார் என்பதும் நம் மரபு. இன்று ஓசூர் வழியாகக் கோமடேசுவரரைத் தரிசிக்கச் செல்லும் நம் குடும்பங்கள் அப்பழம் பயணத்தையே எதிர்த்திசையில் மேற்கொள்கின்றன எனலாம்.

இவற்றை நாம் தந்தையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாளாவிருந்த தாயார் மெல்லக் கூறினார்: "மூத்தவன் சம்பளத்துக்காகச் சிங்கப்பூர் போனபோது, இவர் எந்த விரதத்தையும் சொல்லவில்லையே!"

எவரும் மறுமொழி கூறவில்லை. கூறவும் இயலாது. பொருள் தேடிப் பிள்ளை கடல் கடந்தபோது மாலையிட்டு வழியனுப்பிய நாம், பிறர் துயர் தீர்க்க மகள் கடக்க முற்படும்போதுதான் விரதத்தை நினைக்கின்றோம். இப்பிழை அந்த ஒரு தந்தையினுடையது மட்டுமன்று. நம்மில் பலர் இதற்கு உடன்பட்டிருக்கின்றோம்.

விரதம் எதற்கு எல்லை கட்டுகின்றது?

திக்கு விரதம் குணவிரதங்களுள் ஒன்று. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் அதனை விளக்குகின்றன. கடல், ஆறு, காடு, மலை, நாடு போன்ற யாவரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு பத்துத் திசைகளிலும் எல்லை வகுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுதும் அவ்வெல்லையைக் கடவாதிருத்தலே அவ்விரதம். வகுத்த எல்லையை மறத்தலும், பிறகு அதனை விரித்துக்கொள்ளுதலும் அதற்குக் குற்றங்களாகக் கூறப்பட்டுள்ளன.

இதன் நோக்கம் யாது? எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு நம்மால் சிறு தீங்கும் நேராதொழிய வேண்டும் என்பதே. அணுவிரதத்தோடு நிற்கும் இல்லறத்தானும், தான் வகுத்த எல்லைக்கு அப்பாலுள்ள நிலப்பரப்பைப் பொறுத்தவரை மாவிரதியை ஒத்தவனாகின்றான் என்று ஆசாரியர் அதனைப் போற்றுகின்றார். வணிகர் பலராய் வாழ்ந்த சமுதாயத்துக்கு இவ்விரதம் வகுக்கப்பட்டது என்பதையும் எண்ண வேண்டும். கிழக்கே இலாபம், மேற்கே இலாபம் என்று ஓடும் மனத்துக்கு இட்ட வேலி அது. பொருட்பற்றை வரையறுக்கும் அணுவிரதத்துக்கு அது துணைநிற்கின்றது.

ஆகவே திக்கு விரதம் தடுப்பது ஆசையின் பரப்பையும், அதனால் விளையும் தீங்கின் பரப்பையுமே. அனுகம்பையின் பரப்பை அது தடுத்ததாக நாம் கொள்வதற்கில்லை. பிறவுயிரின் துயர் கண்டு உருகும் அனுகம்பை நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்று. இன்ன திசையில் உள்ள உயிருக்கு மட்டும் இரங்குக என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை.

இதனால் விரதத்தை எளிதாகத் தள்ளிவிடலாம் என்பது பொருளன்று. முறையாக விரதம் ஏற்றவர், நல்ல காரியத்துக்கே ஆயினும், தாம் இட்ட எல்லையைத் தம் விருப்பப்படி நீட்டுவது முறையாகாது. அவர் இருந்த இடத்திலிருந்தே பொருளாலும் சொல்லாலும் உதவலாம். ஆனால் விரதம் ஏற்றவரைத்தான் அது கட்டும். தந்தை ஏற்ற விரதம் மகளைக் கட்டாது. தந்தையார் அவ்விரதத்தை ஏற்றிருக்கின்றாரா என்று கேட்டோம். இல்லை என்று உண்மையைச் சொன்னார்.

நால்வகைத் தானமும் கடல் கடந்தன

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் நம் சிறுவரும் அறிவர். இந்நான்கும் கடல் கடந்து செய்யப்பட்டதற்கு நம் கண்முன்னே சான்றுகள் உள.

குசராத்தின் மகுவா என்னும் ஊரில் 1864ஆம் ஆண்டு பிறந்தவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. இளமையிலேயே இந்திய ஜைன சங்கத்தின் செயலராகி, சம்மேத சிகரத்தில் பன்றிக்கொழுப்புத் தொழிற்சாலை அமைவதை எதிர்த்து வழக்காடி வென்றவர். 1893இல் சிகாகோவில் உலக சமயப் பேரவை கூடியபோது ஆத்மாராம்ஜி ஆசாரியருக்கு அழைப்பு வந்தது. துறவியர் கலம் ஏறிச் செல்லலாகாது என்பதால் அவர் தம் பிரதிநிதியாக இவ்விளைஞரை அனுப்பினார். கடல் கடந்த குற்றத்துக்காக இவரைச் சமூகத்தினின்று விலக்க வேண்டும் என்று நம்மவர் சிலரே அன்று கிளர்ந்தனர். அக்குரலுக்கும் நம் ஓசூர்த் தந்தையாரின் குரலுக்கும் உறவு உண்டு. ஆசாரியரோ தாம் அனுப்பியவரைக் கைவிடவில்லை. எல்லை வகுத்துக்கொண்டவர் தாமே. அவ்வெல்லையைப் பிறருக்கு விலங்காக்காதவரும் தாமே.

அமெரிக்காவில் வாழ்ந்த காலத்திலும் வீர்சந்த் காந்தி உணவு ஒழுக்கத்தினின்று வழுவவில்லை. 1896-97இல் நம் நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது, அங்கிருந்தபடியே அம்மக்களிடம் இரந்து நிதி திரட்டினார். சான் பிரான்சிசுகோவிலிருந்து ஒரு கப்பல் தானியமும், ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாயும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன என்று அவர்தம் வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இந்தியப் பெண்களின் கல்விக்காக அந்நாட்டில் சங்கம் ஒன்றும் அவர் முயற்சியால் தோன்றியது. அதன் துணையால் நம் நாட்டுப் பெண்கள் சிலர் அங்கு சென்று பயின்றனர். உணவுத் தானமும் கல்வித் தானமும் ஒருவராலேயே நிறைவேறின. ஊரிலேயே இருந்திருந்தால் அக்கப்பலை அவரால் அனுப்பியிருக்க இயலுமா?

மருந்துத் தானத்துக்கு ஜெய்ப்பூர்க் காலைக் கூறலாம். 1968ஆம் ஆண்டளவில் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், பி.கே. சேத்தி முதலிய மருத்துவர்களும் சேர்ந்து அதனை உருவாக்கினர். அதுவரை கிடைத்த மேனாட்டுச் செயற்கைக் கால்கள் காலணியோடு நடப்பவருக்கும், நாற்காலியில் அமர்பவருக்கும் ஏற்றவை. சேற்றில் இறங்கும் உழவருக்கும், தரையில் சம்மணமிட்டு அமர்பவருக்கும் அவை உதவவில்லை. அச்சிலிட்டு வெப்பத்தால் பதப்படுத்திய இரப்பர்ப் பாதம் அக்குறையைப் போக்கியது. விபத்தில் காலை இழக்கும் நிலைவரை சென்று மீண்ட டி.ஆர். மேத்தா, பகவான் மகாவீரரின் பெயரால் 1975இல் ஜெய்ப்பூரில் ஒரு சங்கம் நிறுவி, அக்காலை ஏழைகளுக்கு விலையின்றி வழங்கச் செய்தார். பின்னர் அத்தொண்டு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் பல நாடுகளில் முகாம்களாகப் பரவியது. ஆப்கானித்தானத்தில் கண்ணிவெடியால் கால் இழந்தோரும் அதனால் நடந்தனர். இதைக் கேட்டதும் தந்தையார், இரப்பரை எத்தகைய அச்சில் வார்க்கின்றனர் என்று வினவினார். வாழ்நாளெல்லாம் இரும்போடு பழகிய கைகளுக்கு அத்தொண்டு உடனே விளங்கிவிட்டது.

அபய தானத்துக்குச் சான்று ஓசூர் மண்ணிலேயே உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் இராஜாஜி. அவர் நம் சமயத்தார் அல்லர். ஆழ்ந்த வைணவப் பற்றுடையவர். இளமையிலேயே மனைவியை இழந்து, ஐந்து மக்களையும் வளர்த்துப் பொதுவாழ்வும் நடத்தியவர். தம் எண்பத்து மூன்றாம் வயதில், 1962 செப்டம்பரில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டுவதே பயணத்தின் நோக்கம். வானில் நிகழ்த்தும் சோதனையின் நச்சுத் துகள் புல்லில் படிந்து, பசுவின் பால் வழியே எங்கோ பிறக்கும் குழந்தையின் எலும்பில் சேர்கின்றது. அத்தீங்கு எந்தத் திசையின் எல்லைக்கும் அடங்குவதில்லை. சிறிது நேரமே ஒதுக்கப்பட்டிருந்த சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீண்டது. மறு ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் வானிலும் நீரடியிலும் விண்வெளியிலும் அணுச்சோதனையைத் தடை செய்யும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அது பலருடைய முயற்சியின் விளைவு. ஒருவருக்கே உரியது என்று கூறுவது மிகையாகும். எனினும் பிறவாத உயிர்களின் அச்சம் நீங்க வேண்டி ஒரு முதியவர் கடல் கடந்தார். அபயம் என்னும் சொல்லுக்கு அது பொருந்தும்.

குடும்பம் கொடுக்கும் விலை

இச்சான்றுகளைக் கேட்டு மகள் மகிழ்ந்தார். ஆனால் அவரிடமும் நாம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வீர்சந்த் காந்தி இரண்டாம் முறை அமெரிக்கா சென்றபோது மனைவியையும் மகனையும் உடன் அழைத்துச் சென்றார். குடும்பத்தை அவர் மறந்தவர் அல்லர். ஆயினும் ஓயாத பயணமும் உழைப்பும் நிறைந்த அவ்வாழ்வு 1901இல், முப்பத்தேழு வயது நிறையுமுன்னரே, முடிந்துபோயிற்று. அந்த இல்லத்தில் அன்று நிலவியிருக்கும் வெறுமையை எண்ணாமல் அவருடைய புகழை மட்டும் பாடுவது நேர்மையாகாது. தொண்டர் செய்யும் தியாகத்தில் இல்லத்தாரின் பங்கும் உண்டு. அவர்களைக் கேளாமல் அவர்கள் பங்கை எடுத்துச் செலவிட எவருக்கும் உரிமையில்லை.

துறவு மேற்கொள்வோரும் சுற்றத்தாரிடம் சொல்லி விடைபெற்றே செல்ல வேண்டும் என்பது நம் மரபு. முற்றத் துறப்பவருக்கே அந்நெறி என்றால், திரும்பி வரப்போகும் தொண்டருக்கு அது எத்துணை இன்றியமையாதது! ஆகவே மகள் வாதத்தில் வென்று செல்லலாகாது, விடைபெற்றுச் செல்ல வேண்டும் என்றோம். பெற்றோரின் மருத்துவத்துக்கும் துணைக்கும் அண்ணனோடு கலந்து ஏற்பாடு செய்த பின்னரே பயணநாள் குறிக்க வேண்டும் என்றோம்.

மேலும், எல்லை கட்டும் விரதத்தை அவர் வேறு வகையில் மேற்கொள்ளலாம் என்று கூறினோம். இரண்டாண்டு என்றால் இரண்டாண்டே. அங்குள்ள வசதியோ புகழோ அதனை நீட்டச் செய்யலாகாது. தேவைக்கு மேற்பட்ட ஊதியத்தை அந்நிலையத்துக்கே விட்டுவிட வேண்டும். உணவு ஒழுக்கமும் நாள்தோறும் சாமாயிகமும் காக்கப்பட வேண்டும். உதவி பெறுவோரைத் தம்மினும் தாழ்ந்தோராக ஒரு நாளும் எண்ணலாகாது. செருக்கோடு செய்யும் தொண்டு வினையைக் குறைப்பதில்லை, கட்டுகின்றது. இவ்வாறு காலத்துக்கும் பொருளுக்கும் நாவுக்கும் மனத்துக்கும் வேலி இட்டுக்கொண்டு செல்பவர், எத்திசையில் சென்றாலும் திக்கு விரதத்தின் கருத்தைக் காப்பவரே என்பது நம் துணிபு.

வாயிலில் நிற்கும் வெளிநாடு

அன்று வீடு திரும்பும் வழியில் நம் நெஞ்சமே நம்மைக் கேட்டது. நாம் எவ்வளவு தொண்டு செய்துவிட்டோம் இவ்வறிவுரை கூற?

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வேலை இழந்த வடமாநிலத் தொழிலாளர் மூட்டைகளைச் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்தனர். ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களினின்று வந்து நம் தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் உழைத்தவர்கள். நாம் சில நாள்கள் உணவுப் பொட்டலம் கொடுத்தோம். பிறகு நோய்க்கு அஞ்சி வாயிற்கதவைச் சாத்திக்கொண்டோம். நம் தெருக்கோடியில் தகரக் கொட்டகையில் ஈராண்டு தங்கியிருந்த ஒடிய இளைஞர் ஒருவர் எந்நாளில் புறப்பட்டார் என்பதும் நமக்குத் தெரியாது. அவருடைய பெயரைக்கூட நாம் கேட்டு வைத்திருக்கவில்லை. சிகாகோ வரை சென்ற அனுகம்பையைப் பேசும் நாம், அடுத்த வாயிலுக்குச் செல்லவில்லை. அச்சத்தைக் காரணம் கூறலாம். ஆனால் அபய தானம் என்பது அஞ்சுபவருக்குக் கொடுப்பதுதானே!

அவ்விளைஞருக்கு ஓசூரே வெளிநாடு. மொழி தெரியாத, உறவு இல்லாத ஊர். கடல் கடந்து தொண்டு செய்ய எல்லோராலும் இயலாது. ஆனால் கடல் கடந்து வந்தவரைப் போல் நம்மிடையே தனித்து நிற்பவருக்கு உணவோ, மருந்தோ, நாலு சொல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோ, அஞ்சாதே என்னும் ஓர் ஆறுதலோ நல்க இயலாதவர் நம்மில் எவரும் இல்லை. மகளை அனுப்பும் வீடும், அனுப்ப மகள் இல்லாத வீடும் இத்தொண்டைச் செய்யலாம்.

அக்குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு அவர்களுடையதே. ஆயினும் சென்ற வாரம் தந்தையார் நம்மைக் கண்டபோது, "அந்நாட்டில் கேழ்வரகு கிடைக்குமா ஐயா?" என்று கேட்டார். கிருஷ்ணகிரிச் சீமையின் களிக்கும் கூழுக்கும் ஆதாரமான அத்தானியம், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகி, பின்னர்க் கடல் கடந்து நம் நாடு வந்தது என்று நாம் படித்ததைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் அவளுக்கு உணவுக்குக் குறைவிராது" என்று கூறி எழுந்தார்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!